எம்.எஸ். நோய்க்கான டிரிப் மருந்து: எதிர்ப்பாற்றலைக் கணக்கில் வைத்து நாள் குறிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

உடம்பின் எதிர்ப்பாற்றலே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் எம்.எஸ். நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்றிக்கொள்பவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணையாகப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போய் மருத்துவம் பார்க்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் தங்கையின் மருத்துவக் கோப்பு என் பொறுப்பில் இருக்கிறது. காத்திருப்புக் கூடத்தில் புதிதாக வருகிறவர்களைப் பார்த்த அளவில், அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். தடுப்பூசிக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தத்தைப் பின்னால் எடுக்கிறார்கள். டிரிப்புக்கு முன் போட வேண்டிய ஊசியை டிரிப் முடிந்த பிறகு கேட்கிறார்கள்.

எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாளில் என்பதை முடிவு செய்கிறவர் நரம்பியல் மருத்துவர். அந்த முடிவுக்குத் தேவையான விவரங்கள் உரிய நேரத்தில் அவர் மேசைமேல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை.

1. எந்த டிரிப் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எம்.எஸ். நோயாளிக்கு ஏற்றப்படும் எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் டிரிப் என்றே சொல்கிறார்கள். நோய் திடீரெனத் தாக்கும்போது 3 முதல் 5 நாள் வரை தினமும் 1 கிராம் மெத்தில்பிரட்னிசலோன் ஏற்றுவது ஒரு வகை. அது ஸ்டீராய்டு, அப்போதைய வீக்கத்தை அடக்கும், அடுத்த தாக்கத்தைத் தடுக்காது. ரிட்டுக்சிமாப், ஆக்ரிலிசுமாப் போன்றவை வேறு வகை. இவை நோய் அமைதியாக இருக்கும் காலத்திலேயே, அடுத்த தாக்கம் வராமலிருக்க ஏற்றப்படுகின்றன.

இந்த வேறுபாடு பிடிபடாதவர்கள், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள், எதற்கு டிரிப்?" என்று நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். தடுப்பு மருந்துக்குப் பொருத்தமான நேரமே நோயாளி நன்றாக இருக்கும் நேரந்தான்.

மருந்தின் பெயரை மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரித் தாளிலிருந்து எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ரிட்டுக்சிமாப் நம் நாட்டில் பல நிறுவனங்களின் பெயர்களில் கிடைப்பதால், வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதுவது அவசியம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி ரிட்டுக்சிமாபுக்கும் ஆக்ரிலிசுமாபுக்கும் உரியது. நடாலிசுமாப், அலெம்டுசுமாப் ஆகியவற்றின் காலக்கணக்கு வேறு; அதை 9-ஆம் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

2. உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வெள்ளையணுக்களில் பி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றின் மேற்பரப்பில் சி.டி.20 என்னும் அடையாளம் இருக்கிறது. ரிட்டுக்சிமாபும் ஆக்ரிலிசுமாபும் அந்த அடையாளத்தைப் பிடித்து அவற்றை அழிக்கின்றன. முதல் டிரிப் முடிந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் பி செல்கள் ஏறக்குறைய இல்லாமலாகிவிடும்.

ஆனால் பி செல்களைப் பிறப்பிக்கும் எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்களில் சி.டி.20 கிடையாது. வாழையை அடியோடு வெட்டினாலும் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் கன்று முளைப்பதுபோல, மருந்தின் வீரியம் குறைந்ததும் புதிய பி செல்கள் வரத் தொடங்கும். இந்த மீட்சி மெதுவானது. ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும். ஆக்ரிலிசுமாபின் கடைசி டோசுக்குப் பிறகு பி செல்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பாதிப் பேருக்கு 72 வாரங்களுக்கும் மேல் ஆனதாகவும், ஒரு சிலருக்கு 27 வாரத்திலேயே திரும்பியதாகவும், வேறு சிலருக்கு 175 வாரம் வரை நீண்டதாகவும் அதன் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

ஏற்கெனவே உருவாகிவிட்ட ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதங்களைத் தொடர்ந்து சுரப்பவை பிளாஸ்மா செல்கள். அவற்றிலும் சி.டி.20 இல்லை. ஆகவே பழைய தடுப்பூசிகள் தந்த பாதுகாப்பு உடனே போய்விடுவதில்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் திறன்தான் குறைகிறது. கற்க வேண்டியதையெல்லாம் டிரிப்புக்கு முன்பே உடம்புக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பது இதிலிருந்து தானாகவே விளங்கும். கீழே வரும் வரிசை முழுவதும் இதைச் சார்ந்தே அமைகிறது.

3. முதல் டிரிப்புக்கு முன்: முதலில் ரத்தம், அப்புறம் ஊசி

தடுப்பூசி எதையும் போடுவதற்கு முன் பரிசோதனைகளுக்கு ரத்தம் கொடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட உடனே, அந்த வைரஸின் மேற்புரதத்தைத் தேடும் மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனை செய்தால், ஊசியில் உள்ள புரதத்தாலேயே சில நாட்கள், சிலருக்கு மூன்று வாரம் வரைகூட, தொற்று இருப்பதுபோல் பொய்யாகக் காட்டலாம். நோயே இல்லாத ஒருவர் ஈரல் மருத்துவரிடம் அலைந்து, டிரிப் நாளையும் இழக்க இது ஒன்றே போதும்.

ஹெபடைட்டிஸ் பி-க்கு மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது. கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். எப்போதோ தொற்று வந்து போனவருக்கு ஆன்டிஜென் 'நெகட்டிவ்' என்றிருக்கும், கோர் ஆன்டிபாடி 'பாசிட்டிவ்' என்றிருக்கும். ஈரலில் அடங்கிக் கிடக்கும் வைரஸ் இந்த மருந்துகளால் மறுபடி விழித்தெழக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால் இந்த மருந்துகளின் குறிப்பேடுகளில் எச்சரிக்கை இருக்கிறது; ரிட்டுக்சிமாபுக்கு அது கட்டம் கட்டியே தரப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வைரஸைத் தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவது வழக்கம். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின் டிரிப் அண்மையில் ஏற்றப்பட்டிருந்தால், கொடையாளிகளின் ஆன்டிபாடி கலந்து கோர் பரிசோதனை பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டலாம். அந்த விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

காசநோய்ச் சோதனையை ஸ்டீராய்டு தொடங்குமுன் செய்துகொள்வது நல்லது. அதிக அளவு ஸ்டீராய்டு உடம்பில் இருக்கும்போது, தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டோ சோதனையும் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் தொற்று இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். திடீர்த் தாக்கத்தோடு மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு இந்த வரிசை கைகூடாமல் போவதுண்டு. அப்போது எந்த நாளில் ஸ்டீராய்டு ஏறியது என்பதைச் சோதனைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

சின்னம்மை வந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு மட்டும் முடிவு செய்யாமல், ஆன்டிபாடி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 'அம்மை போட்டிருந்தது' என்று வீட்டில் சொல்வது தட்டம்மையாகவும் இருக்கலாம்.

ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிகளின், அதாவது இம்யூனோகுளோபுலின்களின், அளவுகளை, குறிப்பாக ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்னும் இரண்டு வகைகளையும், முதல் டிரிப்புக்கு முன் கட்டாயம் பாருங்கள். ஐந்து ஆண்டு கழித்து ஐ.ஜி.ஜி. குறைவாக இருந்தால், அது மருந்தால் குறைந்ததா, முன்பே குறைவாக இருந்ததா என்பதை இந்த ஒரு தாள்தான் சொல்லும். புதிதாகத் தொடங்குகிறவர்களின் கோப்பில் அடிக்கடி விட்டுப்போவதும் இதுவே.

ரப்பர் தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் குடற்புழு கால்தோல் வழியாக உள்ளே போய் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கும். ஸ்டீராய்டு ஏறும்போது கட்டுமீறிப் பெருகும். டிரிப்புக்கு முன் தரும் மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று என்பதால், நம் மண்ணில் வேலை செய்கிறவர் என்பதை மருத்துவரிடம் சொல்லி, மலப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.

4. தடுப்பூசிகள்: டிரிப் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாள்காட்டியில் முதலில் டிரிப் நாளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிகளை டிரிப்புக்குக் குறைந்தது 4 வாரம் முன்னும், மற்றவற்றை முடிந்தவரை 2 வாரம் முன்னும் முடித்துவிட வேண்டும் என்று ஆக்ரிலிசுமாபோடு வரும் மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. டிரிப் தொடங்கிவிட்டால், பி செல்கள் திரும்பும் வரை உயிர்த் தடுப்பூசிகளைப் போட இயலாது.

சின்னம்மைத் தடுப்பூசி உயிர் வகை. பெரியவர்களுக்கு 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். இரண்டாவதற்குப் பிறகு மேலும் 4 வாரம். ஆக இது ஒன்றுக்கே இரண்டு மாதம் ஆகிறது என்பதால், நாள் எண்ணுவதை இதிலிருந்து தொடங்க வேண்டும். தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரட்னிசலோனை இரண்டு வாரமோ அதிகமாகவோ சாப்பிட்டிருந்தால், அதை நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை உயிர்த் தடுப்பூசி போடக் கூடாது என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 5 நாள் ஸ்டீராய்டு டிரிப்புக்குப் பிறகு மாத்திரையாகப் படிப்படியாகக் குறைத்து வந்தவர்கள் இந்தக் கணக்கில் அகப்படலாம்.

ஹெபடைட்டிஸ் பி ஊசியின் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள். அதற்காக டிரிப்பை ஆறு மாதம் நிறுத்திவைக்க முடியாது. 0, 1, 2 மாதங்களில் போட்டு 12-ஆம் மாதம் ஒன்று கூட்டும் விரைவு அட்டவணையும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். நிமோனியாத் தடுப்பூசி வகையைப் பொறுத்து ஒன்றோடு முடியும், அல்லது 8 வார இடைவெளியில் இரண்டாவது வகை தேவைப்படும். அக்கிக்கான தடுப்பூசியில் உயிர்க்கிருமி இல்லாத வகை இப்போது கிடைக்கிறது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அதன் இரண்டு டோஸ்களை 1 முதல் 2 மாத இடைவெளியில் முடிக்கலாம்.

இவ்வளவும் நோய் பொறுத்திருக்கும் நிலையில்தான் பொருந்தும். எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய புண்கள் தோன்றிக்கொண்டிருக்கும்போது, பார்வையோ நடையோ குறைந்துகொண்டே போகும்போது, தடுப்பூசிப் பட்டியலை முடிப்பதற்காக மருந்தைத் தாமதிப்பது தவறான சிக்கனம். தண்டுவடத்தில் விழுந்த புண்ணால் இழந்தது பல வேளை திரும்புவதில்லை. என் கருத்தில் நேரம் குறைவாக இருந்தால் பட்டியலைச் சுருக்க வேண்டும், டிரிப்பைத் தள்ளக் கூடாது. எதைச் சுருக்குவது என்று தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை.

டிரிப் ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள் உயிர்க்கிருமி இல்லாத ஊசிகளைச் சுற்றின் பிற்பகுதியில், அதாவது கடைசி டிரிப் முடிந்து நான்கைந்து மாதம் கழித்து, அடுத்ததற்குச் சில வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்வது வழக்கம். அப்போதும் ஆன்டிபாடி பிறரைவிடக் குறைவாகவே உருவாகும். ஆயினும் தொற்றை எதிர்க்கும் இன்னொரு வகை வெள்ளையணுக்களான டி செல்களின் பதில் பெருமளவு குறையாமல் இருக்கும் என்பதால், 'எப்படியும் பயனில்லை' என்று விட்டுவிட வேண்டாம். பருவ ஃப்ளூ ஊசி வரும் சமயம் சுற்றின் பிற்பகுதியோடு பொருந்தாவிட்டால், ஊசியைச் சுற்றுக்காகக் காக்க வைக்காமல் போட்டுவிடுவதே மேல். உடன் வாழ்கிறவர்களும் அதைப் போட்டுக்கொண்டால் வீட்டுக்குள் நோய் வருவது குறையும்.

5. மழைக்காலமும் டிரிப் நாளும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. எல்லைக்கு இரு புறமும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் அப்போது கூடும். "மழை கழிஞ்சு ஏத்தினா போதாதா மக்களே?" என்று பாறசாலைப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி; பலர் மனத்தில் இருப்பதும் இதுவே.

பதில், பெரும்பாலும் போதாது என்பதுதான். டிரிப்பின் விளைவு ஏற்றிய வாரத்தோடு முடிவதில்லை. தொடர்ந்து மருந்து எடுப்பவருக்குப் பி செல்கள் ஆண்டு முழுவதும் குறைந்தே இருக்கும். ஜூலையில் ஏற்ற வேண்டியதைச் செப்டம்பருக்குத் தள்ளினாலும், ஜூலை மழையில் அவர் ஏறக்குறைய அதே நிலையில்தான் நனைவார். தள்ளியதால் கிடைக்கும் பாதுகாப்பு சிறிது, நோய் தலைதூக்கும் வாய்ப்போ சேர்ந்துகொண்டே போகும்.

மழைக்காலத்தில் பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது, டிரிப் நாளில் காய்ச்சலோ தொற்றோ இல்லாதிருப்பது. இரண்டாவது, டிரிப் ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒவ்வாமை வந்தால் மருத்துவமனைக்குத் திரும்பும் வழி திறந்திருப்பது. வெள்ளம் புகும் தெருவில் வீடு இருந்தால் அன்றிரவு திருவனந்தபுரத்திலோ நெய்யாற்றின்கரையிலோ உறவினர் வீட்டில் தங்குவது புத்திசாலித்தனம். மூன்றாவது, தேங்கிய நீரில் இறங்கி வேலை செய்ய வேண்டியவர்கள் எலிக்காய்ச்சலைத் தடுக்கும் வாராந்தர டாக்சிசைக்ளின் தமக்குப் பொருந்துமா என்று முன்னதாகவே கேட்டுவைப்பது.

டிரிப்புக்குப் பிறகு வரும் எந்தக் காய்ச்சலுக்கும் ரத்த எண்ணிக்கையை, வெள்ளையணுக்களின் வகைவாரிக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். இந்த மருந்துகளால், டிரிப் முடிந்து வாரங்களோ மாதங்களோ கழித்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு வகை திடீரெனக் குறைந்துவிடுவது சிலருக்கு நேர்கிறது. டெங்குக் காய்ச்சலிலும் வெள்ளையணுக்கள் குறையும் என்பதால், 'இது டெங்குதான்' என்று அருகிலுள்ள மருத்துவமனை முடிவு கட்டிவிட வாய்ப்புண்டு. மருந்தின் பெயரையும் கடைசி டிரிப் தேதியையும் எழுதிய அட்டையொன்று பணப்பையிலேயே இருக்கட்டும்.

6. டிரிப்புக்கு முந்தைய இரண்டு வாரம்

ரத்தத்தை முந்தைய நாள் கொடுத்துவிட்டு மறுநாள் போய் நிற்காதீர்கள். பத்து நாள் முன்பே கொடுத்தால்தான், ஏதாவது பிசகியிருந்தால் மறுபடி பார்க்கவும் சிகிச்சை எடுக்கவும் நேரம் இருக்கும்.

சிறுநீர்ப் பரிசோதனையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். எம்.எஸ். நோயில் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதவர்கள் பலர். தொற்று இருந்தும் எரிச்சல் தெரியாமல் போகும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். டிரிப் நாளன்று காலையில் காய்ச்சல் கண்டு திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுவாகவே இருக்கிறது.

பி செல் எண்ணிக்கையை மருத்துவர் கேட்டிருந்தால், அது பி செல்லின் இன்னோர் அடையாளமான சி.டி.19 என்ற பெயரில், செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் செய்யப்படும். சி.டி.20-ஐ நேரே எண்ணுவதில்லை. மருந்து அந்த அடையாளத்தை மூடிக்கொண்டிருந்தால் இருக்கும் செல்லும் கணக்கில் வராது. இந்த ரத்தம் புதிதாக இருக்கும்போதே ஆய்வகத்தைச் சேர வேண்டும். சிற்றூர்ச் சேகரிப்பு மையத்தில் சனிக்கிழமை மாலை கொடுத்த ரத்தம் திங்கட்கிழமை வரை அங்கேயே கிடந்தால் முடிவை நம்ப இயலாது. வாரத்தின் முதல் பாதியில், காலையில் கொடுங்கள். வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவுத்தாளைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கால் வழுக்கும். சி.டி.19 சில ஆய்வகங்களில் விழுக்காடாகவும், சிலவற்றில் மைக்ரோலிட்டருக்கு இத்தனை செல் என்றும் வரும். '1' என்ற எண்ணைப் பார்த்து, அது 1 விழுக்காடா, ஒரே ஒரு செல்லா என்று தெரியாமல் ஒப்பிடுவது பயனற்றது. ஐ.ஜி.ஜி. அளவும் அப்படியே: டெசிலிட்டருக்கு 700 மில்லிகிராம் என்பதும் லிட்டருக்கு 7 கிராம் என்பதும் ஒன்றே. எல்லைக்கு இப்புறம் ஓர் ஆய்வகம், அப்புறம் ஓர் ஆய்வகம் என்று மாறிமாறிக் கொடுப்பவர்கள் இதில் தேவையில்லாமல் பயந்துபோகிறார்கள். முடிந்தால் ஒரே ஆய்வகத்தைத் தொடருங்கள்.

காப்பீட்டு அட்டை எல்லைக்கு அப்பால் செல்லுமா, முன் அனுமதி எத்தனை நாளாகும் என்பதை இந்த இரண்டு வாரத்துக்கும் முன்னதாகவே கேட்டு முடித்திருக்க வேண்டும்.

7. டிரிப் நாள்

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்று காலை அதை எடுக்கலாமா என்று முன்பே கேளுங்கள். டிரிப் ஏறும்போது அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால், ரிட்டுக்சிமாபுக்கு முந்தைய 12 மணி நேரம் நிறுத்திவைப்பது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆக்ரிலிசுமாபுக்குச் சுமார் 30 நிமிடம் முன்பு 100 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசலோனும், 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் தருவார்கள். இந்த இடைவெளி காரணமில்லாமல் வைத்ததல்ல; மருந்து உள்ளே வரும்போது உடம்பு தயாராக இருக்க வேண்டும். காலையில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் எல்லாம் நெருக்கியடித்து நடக்கும்.

முதல் ஆக்ரிலிசுமாப் டோஸ் 300 மில்லிகிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இரு பகுதியாகவும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 600 மில்லிகிராமாகவும் ஏறும். ரிட்டுக்சிமாப் முதல் தடவை மணிக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 50 வீதம் கூட்டப்படும். தொண்டைக் கரகரப்பு, அரிப்பு, முகம் சிவத்தல் ஆகியவை முதல் டிரிப்பில்தான் அதிகம். தொண்டையில் லேசாக ஏதோ செய்கிறது என்றாலும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். சொல்லக் கூச்சப்பட்டுப் பொறுத்திருந்தால் நிறுத்தும்படி ஆகும். முடிந்த பிறகு குறைந்தது 1 மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் கொண்டு திரும்பும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

8. அடுத்த டிரிப்: ஆறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது?

ஆக்ரிலிசுமாபின் முதல் டோஸ் இரு பகுதியாக ஏறியிருந்தால், முதல் பகுதி ஏறிய நாளிலிருந்து ஆறு மாதம் எண்ண வேண்டும். இரண்டாம் பகுதியிலிருந்து எண்ணுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டு டோஸ்களுக்கு இடையே குறைந்தது 5 மாதம் இருக்க வேண்டும் என்பதால் மிகவும் முன்னால் இழுக்கவும் முடியாது.

நாள் தவறிவிட்டால், அடுத்த சுற்று வரட்டும் என்று காத்திருக்காமல் கூடிய விரைவில் ஏற்றி, அந்த நாளிலிருந்து புதிதாக ஆறு மாதம் எண்ண வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளுவதால் பாதுகாப்பு உடைந்துவிடாது. மேலே சொன்ன மெதுவான மீட்சியே அதற்குக் காரணம். சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும்போது மறைத்துக்கொண்டு ஏற்றுவதைவிட, அது தீர்ந்து ஏற்றுவது பலமடங்கு நல்லது.

பி செல் திரும்பும் வரை காத்திருந்து ஏற்றலாமா என்ற கேள்வியை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். சில மையங்களில், குறிப்பாக ரிட்டுக்சிமாபில் பல ஆண்டு நிலையாக இருப்பவர்களுக்கு, சி.டி.19 அளவைப் பார்த்து இடைவெளியை நீட்டுகிறார்கள். கோவிட் காலத்தில் இடைவெளி நீண்டுபோன பலருக்கு நோய் உடனே கிளம்பவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆக்ரிலிசுமாபின் குறிப்பேட்டில் உள்ளது இன்னும் ஆறு மாத அட்டவணைதான். சி.டி.19 திரும்புவது என்பது நோய் திரும்புவது என்றாகாது. திரும்பாத வரை நோய் வராது என்ற உறுதியும் இல்லை. அந்த எண்ணைத் துணைச் சான்றாகப் பார்க்கலாம், அதை மட்டும் வைத்து வீட்டில் உட்கார்ந்து நாளை மாற்றக் கூடாது.

சுற்றின் கடைசி வாரங்களில் களைப்பும் மரமரப்பும் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். அது உண்மையான அனுபவமே. ஆனால் பி செல் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போவதாகக் காணப்படவில்லை. களைப்பை வைத்து 'மருந்து தீர்ந்துவிட்டது' என்று முடிவுகட்ட முடியாது. புதிய குறைபாடு ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.

இடைவெளியை நீட்டுவதற்கு வலுவான காரணமாக நான் பார்ப்பது ஐ.ஜி.ஜி. சரிவைத்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல ஐ.ஜி.எம். முதலிலும், ஐ.ஜி.ஜி. பின்னாலும் இறங்குவதுண்டு. ஐ.ஜி.ஜி. டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே போய், நிமோனியா போன்ற தொற்றும் அடிக்கடி வந்தால், அடுத்த டோஸைத் தள்ளுவதா, அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்ற பேச்சு எழ வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த அளவை எடுத்து, ஒரே தாளில் தேதி வாரியாக எழுதிவாருங்கள். இறங்கும் போக்கு தனித்தனித் தாள்களில் தெரியாது.

இன்னோர் எச்சரிக்கை. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோயான நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் என்.எம்.ஓ. நோயாளிகளும் அதே கூடத்தில், அதே ரிட்டுக்சிமாபுக்காக அமர்ந்திருப்பார்கள். அந்த நோயில் ஒரே தாக்கம் கண்ணைப் பறிக்கக்கூடும். பி செல் சற்றே திரும்பினாலும் உடனே ஏற்ற வேண்டியிருக்கும். எம்.எஸ். நோயாளியின் நீட்டிய இடைவெளியைப் பார்த்து என்.எம்.ஓ. நோயாளி தம் நாளைத் தள்ளினால் பெருங்கேடு. பக்கத்து இருக்கையின் அட்டவணை பக்கத்து இருக்கைக்கே உரியது.

9. நடாலிசுமாப், அலெம்டுசுமாப்: கணக்கு வேறு

நடாலிசுமாப் எந்தச் செல்லையும் அழிப்பதில்லை. வெள்ளையணுக்கள் மூளைக்குள் நுழையும் வழியை அடைக்கிறது. 4 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். நிறுத்தினால் சில மாதங்களிலேயே நோய் முன்பைவிடச் சீற்றமாகத் திரும்பக்கூடும். ஆகவே இங்கே தாமதம் உண்மையிலேயே ஆபத்து. மருந்து மாற்றுவதானால் அடுத்ததன் நாளைக் குறித்த பிறகே இதை நிறுத்த வேண்டும். மறுபக்கம், ஜே.சி. வைரஸ் ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு, அதுவும் இரண்டு ஆண்டுக்கு மேல் எடுப்பவர்களுக்கு, அந்த வைரஸால் வரும் பி.எம்.எல். என்னும் மூளைத் தொற்றின் ஆபத்து கூடுகிறது. அத்தகையவர்களுக்கு 6 வார இடைவெளி வைப்பது உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆன்டிபாடியைப் பார்ப்பது இதற்காகவே.

அலெம்டுசுமாப் முதல் ஆண்டு 5 நாளும், 12 மாதம் கழித்து 3 நாளும் ஏறும். பி, டி இரண்டு வகைச் செல்களையும் இறக்கும். பி செல்கள் சில மாதத்தில் திரும்ப, டி செல்கள் வெகுகாலம் எடுக்கும். அக்கிக்கு எதிரான அசைக்ளோவிர் மாத்திரையை முதல் நாளிலிருந்து குறைந்தது 2 மாதமும், டி செல்களில் ஒரு வகையான சி.டி.4-இன் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 200-ஐ எட்டும் வரையும் விடக் கூடாது. கடைசி டிரிப்புக்குப் பின் 48 மாதம் வரை மாதந்தோறும் ரத்தம் பார்க்க வேண்டும்; எதிர்ப்பாற்றல் திரும்பி வரும்போதுதான் தைராய்டு, பிளேட்லெட் கோளாறுகள் தலைகாட்டும்.

10. நாய்க்கடி

இதற்குத் தனிப் பகுதி வேண்டுமா என்று கேட்கலாம். நம் தெருக்களை அறிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியில் உயிர்க்கிருமி இல்லை. டிரிப்பின் எந்தக் கட்டத்திலும் போடலாம், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு ஊசி மட்டும் போதிய பாதுகாப்பைத் தராமல் போகலாம் என்பதால், ரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் சேர்த்துத் தர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களே எடுத்துச் சொல்லாவிட்டால், கீறலைப் பார்த்து ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிடலாம். காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.

11. கருத்தரிப்பும் மருந்தை நிறுத்துவதும்

குழந்தை வேண்டும் என்றால் டிரிப் நாளுக்கு முன்பே சொல்லுங்கள், ஏறிய பிறகு சொல்வதில் பயன் குறைவு. கடைசி டோசுக்குப் பிறகு கருத்தடை தொடர வேண்டிய காலம் அமெரிக்கக் குறிப்பேடுகளின்படி ஆக்ரிலிசுமாபுக்கு 6 மாதம், ரிட்டுக்சிமாபுக்கு 12 மாதம். நோயின் சீற்றத்தைப் பொறுத்து இதைவிடக் குறைந்த இடைவெளியை நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பேசி ஏற்பதும் உண்டு. கருவுற்ற காலத்தில் மருந்து ஏறியிருந்தால், குழந்தைக்கு உயிர்த் தடுப்பூசி போடுமுன் அதன் பி செல்களைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள். பி.சி.ஜி.யும் போலியோ சொட்டு மருந்தும் பிறந்த உடனே தரப்படுவதால், பிரசவத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

மருந்தை நிறுத்தினாலும் பரிசோதனைகளை உடனே நிறுத்த முடியாது. பி செல்கள் இயல்புக்குத் திரும்பியதாகத் தாளில் வரும் வரை உயிர்த் தடுப்பூசி கூடாது. ஹெபடைட்டிஸ் பி-க்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவர்கள் அதைக் கடைசி டிரிப்புக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம், பல மருத்துவர்களின் கணக்கில் 18 மாதம், தொடர வேண்டும். 'டிரிப்தான் இல்லையே' என்று அந்த மாத்திரையையும் சேர்த்து நிறுத்தினால், எதிர்ப்பாற்றல் மீண்டு வரும் அதே மாதங்களில் ஈரல் அழற்சி கிளம்பக்கூடும். அதை நிறுத்தும் நாளை ஈரல் மருத்துவர் எழுதித் தரட்டும். நிறுத்திய பிறகும் ஓராண்டு வரை ஈரல் பரிசோதனைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.